மாடு மேய்க்கவும் லாயக்கு வேண்டும்: பிள்ளைகளைக் கொட்டகை வேலைக்குப் பழக்குவது எப்படி

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வசவைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குறைவு. அப்படித் திட்டுகிறவர்களிடம் நாலு வெள்ளாட்டைக் கொடுத்து, பக்கத்துக் காட்டு ராகியில் வாய் வைக்க விடாமல், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கொல்லைப் பக்கம் ஒதுங்க விடாமல், இருட்டுவதற்குள் நாலையும் எண்ணிப் பட்டியில் அடைத்துவிட்டு வாருங்கள் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும் போல இருக்கும்.

இப்போது நிலைமை வேறு. வாசலில் ஸ்கூல் வேன் வந்து நிற்கிறது, பிள்ளை சாக்ஸ் போட்டு ஏறிப் போகிறது, படிக்கிற பிள்ளை எதற்குச் சாணியில் கை வைக்க வேண்டும் என்று பெற்றவர்களே கொட்டகைப் பக்கம் விடுவதில்லை. வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கும், அதில் எது சினை, எது எத்தனையாவது ஈத்து (கன்று போட்டது எத்தனையாவது முறை) என்று ஏழாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லீவுக்கு மட்டும் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தாத்தா வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். "அந்தப் பக்கெட்டை எடு, இந்தக் கயிறைப் பிடி" என்று நாள் முழுக்க ஏவினால் பிள்ளை கற்றுக்கொள்வது எப்படி நழுவுவது என்பதைத்தான். ஒரு உயிரை, அல்லது ஒரு உயிரின் ஒரு வேளைப் பராமரிப்பை, முழுதாக ஒப்படைத்தால் மட்டுமே கற்றல் என்று எதையாவது சொல்லலாம்.

முதல் வாரம் வேலையே வேண்டாம்

பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் துடைப்பத்தைக் கொடுக்கிறார்கள். நான் சொல்வது, முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொட்டகையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரட்டும், வந்ததும் நீங்கள் கேளுங்கள்: மாட்டின் மூக்கு நுனி ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா, ராத்திரி போட்ட சோளத்தட்டை மிச்சம் வைத்திருக்கிறதா, சாணி எப்படி இருந்தது, படுத்திருந்தபோது அசை போட்டதா. நல்லா இருக்கிற மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அசை நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு வேண்டாம், தினமும் பார்த்த கண் போதும். மூக்கு காய்ந்து, காது தொங்கி, தீனியில் வாய் வைக்காமல் நிற்கிற மாட்டை ஒரு பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னால் அன்றைக்கே காய்ச்சல் பார்க்கலாம். மாட்டுக்குச் சாதாரணமாகவே 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், நம்மைவிடக் கூடுதல் என்பதால் தொட்டுப் பார்த்து காய்ச்சல் என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

சாணியைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளை ஒரு வாரத்தில் "இன்னைக்குத் தண்ணியா இருக்குப்பா" என்று தானாகச் சொல்லும். அறிவியல் பாடத்தில் உற்றுநோக்கல் என்று சொல்வது இதைத்தான். பாடப் புத்தகத்தில் மாட்டுக்கு நாலு அறை வயிறு என்று படம் போட்டுப் பாகம் குறிப்பார்கள், இங்கே அந்த வயிறு வேலை செய்கிறதா நின்றுவிட்டதா என்பதே கேள்வி.

எந்த வயதில் எது

நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கோழிதான். ராகி அள்ளித் தூவட்டும், சாயங்காலம் கூடையில் கவிழ்க்கும்போது குஞ்சுகளை எண்ணட்டும். காலையில் ஒன்பது இருந்தது, இப்போது எட்டுதான் என்றால் பருந்தா கீரியா என்று ஒரு விசாரணை நடக்கும், கழித்தல் கணக்கு அங்கேயே வந்துவிடும். முட்டை அடை வைக்கிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு 21 நாள் எண்ணச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே முட்டையைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும், தெரியாத முட்டை கரு கூடாதது. எந்தப் பிள்ளைக்கும் இது ஒரு நாள் முழுக்கப் பேசுகிற விஷயம்.

ஏழெட்டு வயதானால் தண்ணீர். கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் நம் பக்கம் கோடையில் தண்ணீர்தான் எல்லாம். கறக்கிற மாடு ஒரு லிட்டர் பால் கொடுக்க நாலைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும், அதற்கு மேல் உடம்புக்கு வேறு வேண்டும். தொட்டி காலியாக இருந்தால் சாயங்காலம் பால் குறையும். பிள்ளை ஒருநாள் மறந்தால் நீங்கள் திட்டாதீர்கள், கறந்த பாலை அளந்து காட்டுங்கள், போதும். (தொட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டு "மறந்துட்ட பாரு" என்று சொல்வது கெட்ட பழக்கம். மாடு தாகத்தில் கிடக்கவும் கூடாது, ஆகவே மதியம் ஒருமுறை நீங்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்குத் தெரியாமல்.)

பத்து வயதுக்கு மேல் ஆட்டுக்குட்டி. சேலம் கருப்பு என்கிற வெள்ளாடு நம் இரண்டு மாவட்டத்திலும் உண்டு, உயரமாக, பளபளவென்று கருப்பாக இருக்கும், மேய்ச்சலுக்குக் கெட்டிக்காரி. மாட்டைப் போல மிதித்துவிடும் என்ற பயம் இல்லை, சின்ன உடம்பு, சினையானால் ஐந்து மாதத்தில் குட்டி போடும், ஆகவே பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற மிருகம் ஆடுதான். பதின்மூன்று பதினான்கு வயதில் பால் கறக்கவும், தீவனக் கணக்குப் பார்க்கவும், பால் சொசைட்டிக்குப் போய் வரவும் பழக்கலாம்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்காக: 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி நேரம் போக மீதியில், ஆபத்தில்லாத வேலையில், சொந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை உதவலாம். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஆடு மேய்க்க அனுப்புவதும், அடுத்தவர் பட்டிக்குக் கூலிக்கு விடுவதும் வேறு விஷயம், அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

வாரத்துக்கு ஒரு ஆடு

என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி இல்லை. ஊரில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு விடுவது பழைய ஏற்பாடு: ஆடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், பிறக்கிற குட்டியில் பாதிப் பாதி. அதே ஏற்பாட்டை உங்கள் பிள்ளையிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டைக் குட்டியைக் காட்டி, "தாய் எனக்கு, போடுகிற குட்டியில் பாதி உனக்கு, தழை ஒடிக்கிறதும் பட்டி கூட்டுகிறதும் நீ, மருத்துவச் செலவு நான்" என்று பேசி முடிவு பண்ணுங்கள். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்குக் கூடுதல் பெருமை.

அப்புறம் பாருங்கள், அகத்தி, சூபாபுல், கிளுவை, வேலமரக் காய் என்று எதை ஆடு விரும்பித் தின்கிறது, எதை முகர்ந்துவிட்டு விடுகிறது என்பதைப் பிள்ளையே வந்து உங்களிடம் சொல்லும். குட்டிக்குக் கழிச்சல் கண்டால் ராத்திரி எழுந்து பார்க்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்டுவரும், துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும் என்று உங்களுக்கே நினைவுபடுத்தும். இப்படி வளர்ந்த பிள்ளைக்குப் பொறுப்பு பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கஷ்டம் விற்கும் நாளில் வரும். கிடாக் குட்டி வளர்ந்துவிட்டது, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கோ குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ பிடித்துப் போக வேண்டும், பிள்ளை ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது. பல வீடுகளில் பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஆட்டை ஏற்றி அனுப்பிவிட்டு, "ஓடிப்போயிடுச்சு" என்று பொய் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பொய் ஒருநாள் தெரியும், அதற்குப் பிறகு பிள்ளை எந்தக் குட்டியையும் நம்பித் தொடாது, உங்களையும் நம்பாது. குட்டி பிறந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்: பெட்டையை வைத்துக்கொள்வோம், கிடா விற்பதற்கு. எங்கே போகிறது, எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டால் கறிக்குத்தான் என்று நேராகவே சொல்லுங்கள், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. அழட்டும், அழுவதைக் கேலி பண்ண வேண்டாம், "ஆம்பளப் பையன் அழுவானா" என்று எந்த மாமாவையும் வாய் திறக்க விடாதீர்கள்.

வர விரும்பினால் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். விடியற்காலையில் போனால்தான் சந்தை சந்தையாக இருக்கும். வியாபாரி ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதைக் காட்டுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. பால் பல் விழுந்து நிலையான பல் இரண்டிரண்டாக முளைக்கும்: ஆட்டுக்கு ஒன்றேகால் வருடம் வாக்கில் இரண்டு பல், இரண்டு வருடம் வாக்கில் நாலு, அப்புறம் ஆறு, எட்டு. பல்லை வைத்து வயதையும், முதுகெலும்பை விரலால் அழுத்திக் கறியையும் வியாபாரி எடை போடுகிற வேகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது இன்னும் எங்காவது கண்ணில் பட்டால் அதையும். பணம் கைக்கு வந்ததும் பேசியபடி பாதியைப் பிள்ளை பெயரில் போஸ்ட் ஆபீஸ் கணக்கில் போட்டுவிடுங்கள். "வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கிறேன், அப்புறம் தர்றேன்" என்று ஆரம்பித்தீர்களானால் அதோடு ஏற்பாடு முடிந்தது.

கணக்கு, காலண்டர், நோட்டு

மாட்டுக் கொட்டகையில் கணக்கு கொட்டிக் கிடக்கிறது. சொசைட்டியில் கொடுக்கிற பால் அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்: காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு, ஏன் பக்கத்து வீட்டுப் பாலுக்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட. தசமமும் சதவீதமும் தெரியாத பிள்ளைக்குக்கூட இது புரியும், ஏனென்றால் இது அவர்கள் வீட்டுக் காசு. தீவனத்தையும் அப்படியே கணக்குப் போடலாம்: உடம்புக்கென்று ஒன்றரை இரண்டு கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை), அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு எவ்வளவு, புண்ணாக்கு விலை ஏறினால் மிச்சம் என்ன என்று பிள்ளையே போட்டுச் சொல்லட்டும்.

எடை பார்ப்பது இன்னும் சுவாரசியம். தையல் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் ஏறக்குறைய 273 கிலோ. குடற்புழு மருந்து எடைக்குத் தகுந்த அளவுதான் கொடுக்க வேண்டும் என்பதால் டாக்டரே இந்த எண்ணைக் கேட்பார், ஆகவே பிள்ளை போட்ட கணக்கு உடனே பயன்படும்.

பெரிய பணம் இருக்கிற இடம் காலண்டர். பசு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். விடாமல் கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுவது இதெல்லாம் அறிகுறி. காலையில் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும். தவறவிட்டால் இன்னும் 21 நாள் தீவனம் தண்டம். காலையில் கொட்டகையைப் பார்க்கப் பழகிய பிள்ளை இதைப் பெரியவர்களுக்கு முன்பே கவனித்துவிடும், வெட்கப்படாமல் சொல்ல வீட்டில் இடம் கொடுங்கள். ஊசி போட்ட தேதியோடு ஒன்பது மாதமும் ஒரு வாரமும் கூட்டினால் கன்று போடுகிற தேதி, ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8 வாக்கில்.

கன்று போடும்போது பிள்ளைகளை விரட்டாதீர்கள். பத்தடி தள்ளி அமைதியாக நின்று பார்க்கட்டும். பிறப்பு என்றால் என்ன என்பதை இதைவிட இயல்பாக யாரும் விளக்க முடியாது. கன்றின் மூக்கைத் துடைப்பது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பது, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளில் பிரித்துப் பிரித்துக் கொடுப்பது, இதில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாச் சீம்பாலையும் காய்ச்சி வெல்லம் போட்டுத் தின்றுவிட்டுக் கன்றுக்கு மிச்சத்தை விடுகிற வீடுகளும் உண்டு, பிள்ளை முன்னால் அதைச் செய்யாதீர்கள். நஞ்சுக்கொடியைப் பிள்ளை தொட வேண்டாம், யாரும் பிடித்து இழுக்கவும் வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழாவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதில் விளையாட்டு வேண்டாம்

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாடு மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு அவிழாது, விரலையோ பிள்ளையையோ இழுத்துக்கொண்டு போகும். மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், மாடு போனால் போகட்டும், பிடித்துக்கொள்ளலாம்.

மாட்டுக்கு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும், நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதைதான். பக்கவாட்டில் குரல் கொடுத்துக்கொண்டே போய் முதலில் கழுத்தைத் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள். கன்று ஈன்ற புதிதில் சாதுவான பசுவும் முட்டும். சோளத்தட்டு வெட்டும் மெஷின் பக்கம் பிள்ளையே வரக் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும்கூட. உண்ணி மருந்து, பூச்சி மருந்து பெரியவர்கள் வேலை. வைக்கோல் போரில் வெறுங்கையை விடக் கூடாது, பாம்பு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கம் காட்டை ஒட்டி இருப்பவர்கள் யானை நடமாட்டம் என்று வனத்துறை சொன்ன நாளில் பிள்ளையை மேய்ச்சலுக்கு அனுப்பவே கூடாது.

தீனியில் இரண்டு விஷம் நம் ஊரிலேயே விளைகிறது: மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிர், குச்சிக்கிழங்கு இலை. இரண்டிலும் சயனைடு உண்டு, தின்ற ஆடு மாடு மூச்சு வாங்கி விழுந்துவிடும், நேரம் மிகக் குறைவு. மேய்க்கப் போகிற பிள்ளை இந்த இரண்டையும் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கோலைக் கையில் கொடுக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலையும் களியையும் வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து, வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். ஒரு கைப்பிடி போதும். பொங்கல் சமயம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் காளை ஓடுகிற பாதையோரம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களைப் பற்றி நான் என்ன சொல்ல, வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் குறைந்துவிடுமா?

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பாலைக் காய்ச்சாமல் குடிக்காமல் இருப்பது, கன்றின் தோலில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் தொடாமல் இருப்பது, இதெல்லாம் தினசரிப் பழக்கம். நாயோ, வெறி பிடித்த மாடோ கடித்தால், அல்லது எச்சில் காயத்தில் பட்டால், 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், உடனே ஆஸ்பத்திரி. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

பையன்களுக்கும் துடைப்பம்

நம் வீடுகளில் சாணி அள்ளுவது பெண் பிள்ளை, காளையைப் பிடித்து ஊர்வலம் போவது ஆண் பிள்ளை. இந்த வழக்கத்தைத் தொடர்ந்தால் பெண் பிள்ளை கற்றுக்கொள்வது சலிப்பையும், ஆண் பிள்ளை கற்றுக்கொள்வது வெட்டிப் பெருமையையும்தான். வாரம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். மாடு விற்கும் பேச்சிலும் சொசைட்டிக் கணக்கிலும் பெண் பிள்ளையை உட்கார வையுங்கள். பால் ஊற்றுவது அம்மா, பணம் வாங்குவது அப்பா என்பதைப் பிள்ளைகள் நன்றாகவே கவனிக்கிறார்கள்.

ஒரு நாள் லீவில் காரிமங்கலம் பக்கம் இருக்கிற ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையத்தையோ, 1824-ல் தொடங்கிய ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணையையோ, முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, காட்டிவிட்டு வரலாம். ஆலம்பாடி நம் பென்னாகரம் பக்கத்துக் காவிரிக் கரை மாடு, உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது, இப்போது அரிதாகிவிட்டது. வீட்டில் நிற்கிற ஜெர்சிக் கலப்புக்கும் அதற்கும் திமில், கொம்பு, கால் என்று என்னென்ன வித்தியாசம் என்று பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

பரீட்சை வரும், அப்போது என்ன செய்வது என்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை மார்ச், ஏப்ரலில், அதாவது தண்ணீரும் பசுந்தீவனமும் குறைகிற சமயத்தில்தான் வருகிறது. அந்த மாதங்களுக்கு வேலையை முறையாகக் கைமாற்றிக்கொள்ளுங்கள்: எந்த ஆட்டுக்கு எந்தத் தழை, எது முட்டும், எதற்கு எந்தத் தேதியில் மருந்து என்று பிள்ளை நோட்டைப் பார்த்து உங்களுக்குச் சொல்லி ஒப்படைக்கட்டும், நீங்கள் கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்ததும் அதே மாதிரி நீங்கள் சொல்லித் திருப்பி ஒப்படைக்க வேண்டும், இடையில் ஒரு குட்டி செத்திருந்தால் அதையும் மறைக்காமல்.